கஞ்சாக் கடைக்கு லைசென்ஸ் கொடுத்த உப்பு ஆபீஸ்

முன்கூட்டியே ஒரு டிஸ்கி: இது கஞ்சா நல்லதுன்னு சொல்ற பதிவு இல்லீங்க. நான் பீடி கூட குடிச்சதில்ல. வரலாற்று ஆசிரியரும் இல்ல. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல பேப்பரோட குடும்பம் நடத்துறவன். எந்தச் சரக்குக்கு எந்த லைசென்ஸ், எந்த ஃபாரம், எவ்வளவு ஃபீஸ், இதுதான் நம்ம பொழப்பு. அந்தப் புத்தியோட எழுதினது இது.

எங்க தாத்தா உயிரோட இருந்தப்ப ஒரு கதை சொல்வாரு. அவரோட அப்பா எண்ணூர் பக்கம் உப்பளத்துல கூலிக்குப் போனவர். அந்தக் காலத்துல உப்பளத்துல காக்கி போட்டுக்கிட்டு ஒரு ஆபீசர் சுத்துவாராம். "உப்பு ஆபீஸ் துரை"ன்னு பேரு. யாராவது மடியில ஒரு பிடி உப்பு முடிஞ்சிட்டுப் போறாங்களான்னு சோதனை போடுவாராம். அதே துரை சாயங்காலம் ஆச்சுன்னா கள்ளுக்கடை, சாராயக்கடை, கஞ்சாக்கடைன்னு கணக்கு பாக்கப் போவாராம். "உப்புக்கும் அவன்தான், கஞ்சாவுக்கும் அவன்தான்"ன்னு தாத்தா சிரிப்பாரு.

சின்ன வயசுல அதைத் தாத்தா விடற ரீல்னுதான் நெனச்சேன். கஞ்சாவுக்குக் கடையா? அதுவும் சர்க்கார் கணக்கு பாக்குற கடையா?

ரீல் இல்லீங்க. நூத்துக்கு நூறு நிஜம்.

அப்ப சென்னை மாகாணத்துல உப்பு, அப்காரி ரெண்டையும் ஒரே துறைதான் பார்த்துச்சு. அப்காரின்னா பாரசீகச் சொல். கள்ளு, சாராயம், போதைச் சரக்கு இதுங்க மேல போடற வரிக்குப் பேரு. உப்புக்கு 1889-ம் வருஷத்துச் சட்டம். போதைக்கு 1886-ம் வருஷத்து மெட்ராஸ் அப்காரி சட்டம். ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான்: லைசென்ஸ் இல்லாம தயாரிக்காதே, லைசென்ஸ் இல்லாம விக்காதே. கடல் தண்ணி உப்பங்கழியில தானா காஞ்சு உப்பாகும், ஆனா அதை அள்ளினா குத்தம். கொல்லைப்புறத்துல நாலு கஞ்சாச் செடி கீரை மாதிரி வளரும், அதுவும் பிற்பாடு குத்தம் ஆச்சு. எப்படி ஆச்சுங்கறதுதான் சுவாரசியமான கதை.

லண்டன்ல ஒரு கேள்வி

1893 மார்ச் 2-ம் தேதி. லண்டன் பார்லிமெண்டுல கெய்ன்னு ஒரு எம்.பி. எழுந்து நின்னு ஒரு கேள்வி கேட்டாரு. மதுவிலக்கு இயக்கத்துக்காரர். இந்தியாவுல கஞ்சா பயிரிடறதாலயும் விக்கறதாலயும் ஜனங்களோட ஒழுக்கமும் உடம்பும் கெடுதா, அதை விசாரிக்க ஒரு கமிஷன் போடுவீங்களா? இதுதான் கேள்வி. வங்காளத்தைப் பத்தித்தான் கேட்டாங்க. ஆனா இந்திய சர்க்கார் அதை நாடு முழுக்க விரிச்சு அந்த வருஷம் ஜூலையில கமிஷன் போட்டுச்சு. தலைவர் மேக்வொர்த் யங். மொத்தம் ஏழு பேர். அதுல மூணு பேர் இந்தியர்.

சும்மா சொல்லக்கூடாது, உழைச்சிருக்காங்க மனுஷங்க. 1,193 சாட்சிகள். கலெக்டர், டாக்டர், மிஷனரி, சாமியார், வியாபாரின்னு ஒருத்தரையும் விடல. 1894-ல வந்த அறிக்கை மூவாயிரம் பக்கத்துக்கு மேல. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல பசங்க தூங்கினப்புறம் உக்காந்து புரட்ட ஆரம்பிச்சேன். வீட்ல என்னைச் சந்தேகமா பாத்தது தனிக் கதை.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கணக்கு. கஞ்சா குடிச்சா பைத்தியம் பிடிக்கும்னு அப்பவே எல்லாரும் நம்பினாங்க. ஆதாரம் கேட்டா ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைக் காட்டினாங்க. நம்ம கீழ்ப்பாக்கம் 1871-லயே ஆரம்பிச்சாச்சு, அந்த மாதிரி நாடு முழுக்க இருந்த ஆஸ்பத்திரிங்களோட ரிஜிஸ்டர். 1892-ல கஞ்சாவாலன்னு எழுதியிருந்த கேஸ் 222. கமிஷன்காரங்க என்ன பண்ணாங்க? ஒவ்வொரு கேஸா ஊருக்கு ஆள் அனுப்பி, வீட்டுக்காரங்களை விசாரிச்சாங்க. கடைசியில 98 கேஸ்தான் தேறிச்சு. மத்ததுக்குக் காரணம்? ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் "காரணம்"ங்கற கட்டத்துல ஏதாவது நிரப்பணுமேன்னு "கஞ்சா"ன்னு நிரப்பியிருக்காரு. டாக்டரும் அதையே காப்பி பண்ணியிருக்காரு.

ஃபாரம் நிரப்பற தொழில்ல இருக்கறவனா சொல்றேன். காலியா விட முடியாத கட்டம் இருக்கே, அதை நம்பவே கூடாது!

முடிவுல கமிஷன் சொன்னது: அளவாக் குடிக்கறவனுக்குப் பெரிசாக் கெடுதல் இல்ல, அளவு மீறினாக் கெடுதல்தான், ஆனா முழுத்தடை வேண்டாம். தடை போட்டா கள்ளத்தனமா வளரும், அதைப் பிடிக்கப் பெரிய படை வேணும், ஜனங்க இதை விட்டுட்டு இதைவிட மோசமானதுக்குப் போவாங்க. அதனால வரி போடு, லைசென்ஸ் இல்லாத பயிரை நிறுத்து, ஒரே இடத்துல பயிர் பண்ண வை, கடையைக் குறை, ஒருத்தர் கையில இவ்வளவுதான் இருக்கலாம்னு அளவு வை.

இதுல ஒரு வேடிக்கை. மூணு இந்திய உறுப்பினர்ல ரெண்டு பேர், ராஜா சோஷி சிகரேஸ்வர் ராயும் லாலா நிஹால் சந்தும், இந்த முடிவு போதாதுன்னு மாற்றுக் கருத்து எழுதினாங்க. கட்டுப்பாடு இன்னும் இறுகணும்ங்கறது அவங்க கட்சி. வெள்ளைக்காரன் கஞ்சாவைத் தடை பண்ணினான், நாம பாவம்னு ஒரு கதை சுத்துதே, அது பாதிதான் சரி. தடை கேட்டவங்க நம்ம பக்கத்துலயும் இருந்தாங்க.

ஏலக் கணக்கு

சரி, இங்க என்ன ஆச்சு? அது வரைக்கும் நம்ம மாகாணத்துல கஞ்சா விஷயம் கொஞ்சம் தளர்வாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வீடு கொல்லையில நாலு செடி வச்சுக்குவாங்க. லேகியத்துக்கு, மாட்டு வைத்தியத்துக்கு, அப்புறம் மத்ததுக்கும்தான். கமிஷனுக்கு அப்புறம் கதை மாறிச்சு. பயிர் ரெண்டே வட்டாரத்துல சுருங்கிச்சு. ஒண்ணு, இப்ப ஆந்திராவுல இருக்கற குண்டூர் பக்கம். இன்னொண்ணு, வட ஆற்காட்டு ஜவ்வாது மலை. லைசென்ஸ் வாங்கினவன் பயிர் பண்ணனும். விளைஞ்சதைச் சர்க்கார் கிடங்குல வைக்கணும். வரி கட்டின சரக்குதான் கடைக்குப் போகும்.

கடை யாருக்கு? அங்கதான் விஷயம். ஏலம். எந்தக் கடைக்கு யார் அதிகம் கேக்கறாங்களோ அவங்களுக்கு.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போட்டுப் பாருங்க. நீங்க சின்னக் கடைக்காரர். ராயபுரம் மாதிரி ஒரு இடத்துல கடை எடுக்கறீங்க. சரக்கு கிடங்கு விலைக்கு, வரி நிலையானது, அது உங்க கையில இல்ல. எத்தனை கடைங்கறதும் சர்க்கார் கையில. உங்க கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், எவ்வளவு விக்கறீங்கங்கறது. ஏலத்துல 300 ரூபா கேட்டுட்டீங்க. போன வருஷம் 200-க்குப் போன கடை. இப்ப அந்தக் கூடுதல் 100 ரூபாயை எங்கேருந்து எடுப்பீங்க? தினம் ஒரு பொட்டலம் வாங்கற கூலிக்காரனை ரெண்டு வாங்க வைக்கணும். இல்லாட்டிக் கடனுக்குக் கொடுக்கணும். இல்லாட்டி கிடங்குக்கு வராத சரக்கைக் கள்ளத்தனமா வாங்கிக் கலக்கணும். மூணும் அந்தச் சட்டத்தோட நோக்கத்துக்கு நேர் எதிர். குடியைக் குறைக்கணும்னு கடையைக் குறைச்சாங்க. கடை குறைஞ்சதும் ஏலத்தொகை ஏறும். ஏலத்தொகை ஏறினா கடைக்காரன் விப்பான்.

இன்னொண்ணும் நடக்கும். 300 கேட்டுத் தாங்க முடியாதவன் அடுத்த வருஷம் ஏலத்துக்கே வரமாட்டான். நாலு கள்ளுக்கடை வச்சிருக்கற காண்ட்ராக்டர் வருவான். சின்னவன் அவன்கிட்ட சம்பளத்துக்கு நிப்பான். லைசென்ஸ் காண்ட்ராக்டர் பேர்ல. கடையில தப்பு நடந்தாக் கையும் களவுமா மாட்றது நிக்கறவன்.

பழங்கதைன்னு நெனைக்காதீங்க. 2003 நவம்பர்ல சில்லறை மதுக்கடைங்களைத் தனியார்கிட்டேருந்து எடுத்து டாஸ்மாக் கையில கொடுத்தாங்க. கடைதான் சர்க்காரோடது. பக்கத்துல இருக்கற பாருக்கு டெண்டர் போட்டாங்க. டெண்டர்ல அதிகம் கேட்டவன் அந்தக் காசைப் பிளாஸ்டிக் தம்ளர்லயும் சுண்டல்லயும் தண்ணி பாக்கெட்லயும்தானே எடுக்கணும்? ராயபுரத்துல ஒரு தட்டு சுண்டல் விலைக்குக் காரணம் கடலை விலை இல்ல சாமி.

ஏலம்தான் ஒரே வழியான்னா அதுவும் இல்ல. நம்ம நாட்லயே இன்னைக்கும் கஞ்சா இலைக்கு லைசென்ஸ் கடை இருக்கு. வடக்குல பாங் கடை. 1985 சட்டத்துல கஞ்சான்னா பூ, காய் நுனிதான். தனி இலையும் விதையும் அந்தக் கணக்குல வராது. அந்த இடுக்குல பாங் பிழைச்சுது. உத்தரப் பிரதேசத்துல 2025 மார்ச்ல சாராயக் கடைங்களோட பாங் கடைங்களையும் கம்ப்யூட்டர் குலுக்கல்ல கொடுத்தாங்க. கட்டணம் முன்னாடியே தெரியும், அதிர்ஷ்டம் இருந்தாக் கிடைக்கும். சின்ன ஆளுக்கு ஏலத்தைவிடக் குலுக்கல் பரவாயில்ல. அதுலயும் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராதுங்க. கிடைக்காதவன் காசும் கஜானாவுக்குத்தான். சர்க்கார் சர்க்கார்தான்!

மெட்ராஸ்ல சரக்கு, நேட்டால்ல குத்தம்

லைசென்ஸ்ன்னதும் நாம சரக்கைப் பத்திதான் யோசிக்கறோம். இந்தச் சரக்கு விக்கலாமா கூடாதான்னு. எனக்கு அந்த எண்ணத்தை மாத்தினது எங்க துறைமுகக் கதைதான்.

1860 அக்டோபர்ல மெட்ராஸ் கரையிலேருந்து ட்ரூரோன்னு ஒரு கப்பல் கிளம்பிச்சு. அப்ப துறைமுகமே கட்டல, மசூலா படகுல அலையைத் தாண்டிப் போய்க் கப்பல் ஏறணும். நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன முதல் கூலிக் கப்பல் அது. நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. போனவங்க நம்ம ஜனங்க, தமிழும் தெலுங்கும் பேசறவங்க. பத்து வருஷம் கழிச்சு, 1870-ல, நேட்டால் சர்க்கார் கூலிகளுக்கான சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்துச்சு. கூலிகள் கஞ்சா புகைக்கக் கூடாது, வச்சிருக்கக் கூடாது, அவங்களுக்கு யாரும் விக்கவோ கொடுக்கவோ கூடாது.

நல்லாக் கவனிங்க. சட்டம் "கூலிகளுக்கு"ன்னு எழுதினது. அந்த மண்ணுல ஆப்பிரிக்க ஜனங்க காலங்காலமா அதே செடியை 'டக்கா'ன்னு புகைச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. தோட்டத்துல வேலை கெடக்கூடாதுங்கறது முதலாளி கவலை. ஒரே செடி, ஒரே ஆளு. மெட்ராஸ்ல நின்னா வாடிக்கைக்காரன், டர்பன்ல நின்னாக் குத்தவாளி. நடுவுல ஒரு மாசக் கடல் பயணம்.

அந்தத் தென்னாப்பிரிக்காவுல 2018 செப்டம்பர்ல அரசியல் சாசன நீதிமன்றம், பெரியவங்க வீட்டுக்குள்ள தன் உபயோகத்துக்கு வச்சுக்கறது குத்தம் இல்லன்னு தீர்ப்பு கொடுத்துச்சு. 2024-ல அதுக்குச் சட்டமும் வந்துச்சு. அந்தச் சட்டத்துல விக்கறதுக்கு அனுமதி இல்ல.

கடை மூடின கதை

நம்ம ஊர்ல 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தாரு. பேரு மதுவிலக்குன்னாலும் அந்தச் சட்டம் போதைச் சரக்கையும் சேர்த்துத்தான் தடுத்துச்சு. 1939-ல வட ஆற்காடு. ஜவ்வாது மலை இருக்கற அதே மாவட்டம். நடுவுல யுத்த காலத்துல தளர்ந்துச்சு. அப்புறம் ஓமந்தூரார் காலத்துல 1948 அக்டோபர் 2-ம் தேதி மெட்ராஸ் உள்பட மாகாணம் முழுக்க வந்தாச்சு. லைசென்ஸ் போர்டுங்க இறங்கிச்சு.

1971-ல கள்ளும் சாராயமும் திரும்ப வந்துச்சு. அப்புறம் போச்சு, வந்துச்சு, போச்சு. கஞ்சாவுக்கு மட்டும் கதவு திறக்கவே இல்ல. 1961 ஐ.நா. ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போட்டிருந்துச்சு, கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த 25 வருஷம் கெடு. அந்தக் கெடு முடியற சமயத்துல, 1985 நவம்பர் 14-ம் தேதி, என்.டி.பி.எஸ். சட்டம் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே 1982-ல தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம் வந்தாச்சு. போதைக் குற்றவாளின்னு சொல்லி விசாரணை இல்லாம ஒரு வருஷம் உள்ள வைக்கலாம்.

இப்ப அளவுக் கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு, பத்து வருஷத்துக்குக் குறையாது, ஜாமீனும் லேசுல கிடைக்காது. நடுவுல இருக்கறவனுக்குப் பத்து வருஷம் வரைக்கும். 1894 அறிக்கையிலயும் ஒருத்தர் கையில இவ்வளவுதான்னு அளவு இருந்துச்சு. அது வாங்கறவனுக்கு வரம்பு. இது தண்டனைக்குப் படிக்கட்டு.

எங்க தெருப் பையன்

இந்த விஷயத்தை ஏன் நோண்ட ஆரம்பிச்சேன்னு இன்னும் சொல்லலையே.

எங்க தெருவுல ஒரு பையன். பேர் வேண்டாம். ஐ.டி.ஐ. முடிச்சவன். என்னை "அண்ணே"ன்னு கூப்பிடுவான். ஆந்திரா - ஒடிசா மலையிலேருந்து ரயில்லயும் லாரியிலயும் வர்ற சரக்கு வடசென்னைக்குள்ள எப்படிப் பிரியுதுன்னு பேப்பர் படிக்கற எல்லாருக்கும் தெரியும். அந்த வரிசையில கடைசிக் கை இவன். கையில கொடுத்ததை இன்னொரு கையில கொடுத்தா அன்னைக்கு 300 ரூபா. 2021 டிசம்பர்லேருந்து "கஞ்சா வேட்டை"ன்னு போலீஸ் ரவுண்டு ரவுண்டா நடத்துனாங்களே, அந்தச் சமயத்துல மாட்டினான். கையில இருந்தது சில பொட்டலம். சின்ன அளவுதான். சீக்கிரமே வெளிய வந்துட்டான்.

வந்து என்ன பண்ண? ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை பேசி வச்சிருந்தேன். போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்டாங்க. ஃபாரத்துல ஒரு கட்டம்: "வழக்கு ஏதாவது நிலுவையில் உள்ளதா?" காலியா விட முடியாத கட்டம். நானேதான் நிரப்பிக் கொடுத்தேன். வேலை போச்சு.

அவங்க அம்மா எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து, "டாஸ்மாக்ல நிக்கறவனுக்கு சர்க்கார் சம்பளம், எம்புள்ளைக்கு ஜெயிலா தம்பி?"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குச் சட்டம் தெரியாது. எனக்கு ஓரளவு தெரியும். இருந்தும் பதில் சொல்ல வரல. அன்னைக்கு ராத்திரிதான் தாத்தாவோட உப்பு ஆபீஸ் துரை ஞாபகம் வந்தாரு.

வெளிநாட்ல சில இடத்துல இந்தக் கேள்விக்கு ஒரு பதில் முயற்சி பண்ணியிருக்காங்க. நியூயார்க்ல 2021-ல கஞ்சா விக்க அனுமதிச்சாங்க. 2022 நவம்பர்ல முதல் 36 சில்லறை லைசென்ஸ் கொடுத்தப்ப, பழைய கஞ்சா கேஸ்ல தண்டனை வாங்கினவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும், சில சேவை அமைப்புகளுக்கும் முன்னுரிமை. கேஸ் இருந்தா வேலை கிடையாதுங்கறது நம்ம ஃபாரம். கேஸ் இருந்தா வரிசையில முதல்ல நில்லுங்கறது அவங்க ஃபாரம். கலிஃபோர்னியாவுல சின்ன ஆளுக்குன்னே தனி லைசென்ஸ், பயிர் 10,000 சதுர அடிக்குள்ள, அதே ஆள் விக்கவும் செய்யலாம். ஜமைக்காவுல, நம்ம கூலி ஜனங்க மூலமா "கஞ்சா"ங்கற வார்த்தையே போய்ச் சேர்ந்த ஊர், 2015-ல லைசென்ஸ் ஆணையம் வச்சாங்க.

எல்லாம் சுபம்னு நெனைக்காதீங்க. நியூயார்க்ல லைசென்ஸ் கைக்கு வர்றதுக்குள்ள லைசென்ஸ் இல்லாத கடைங்க தெருவுக்குத் தெரு முளைச்சுது. வாடகையும் வரியும் வக்கீல் ஃபீஸும் சின்னவனைத்தான் முதல்ல அமுக்கும். நம்ம ஏலக் கதையேதான், உடுப்பு வேற.

அதனால இங்கயும் கடை திறங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சாராயத்துல நம்ம தெரு பட்டது போதும். எண்ணூர்லேருந்து ராயபுரம் வரைக்கும் எத்தனை வீட்ல ஆம்பளை நாப்பது வயசுல போய்ச் சேர்ந்தாருன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றது சின்ன விஷயம். உப்போ, கள்ளோ, கஞ்சாவோ, விதி எழுதறப்ப கடைசிக் கையில நிக்கறவன் கதி என்னன்னு யாரும் கட்டம் போட்டு வைக்கறதில்ல. ஏலம் விட்டப்பவும் அவன் கூலி. தடை போட்டப்பவும் அவன்தான் கைதி. சின்ன அளவுக் கேஸ் முடிஞ்சவனுக்கு அந்தச் சரிபார்ப்புக் கட்டத்தையாவது ஒரு வருஷம் கழிச்சுக் காலியா விட அனுமதிச்சா, கஞ்சா விக்கவும் வேண்டாம், யாரும் கெடவும் வேண்டாம். ஒரு பையன் வேலைக்குப் போவான்.

எங்க தெருப் பையன் இப்போ சொந்தக்காரர் ஆட்டோவை ஷிஃப்டுக்கு ஓட்டறான். பேட்ஜ் இன்னும் வரல. அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு, போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம்.

பி.கு.: உங்க வீட்டுப் பரண்ல, டிரங்குப் பெட்டியில பழைய அப்காரி ஏலச் சீட்டோ, கள்ளுக்கடை லைசென்ஸோ, உப்பளக் கணக்கோ இருந்தா எடைக்குப் போடாதீங்க மக்களே. பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. ராயபுரம், திருவொற்றியூர்ன்னா நானே வண்டி எடுத்துட்டு வந்து பாத்துட்டுப் போறேன். டீ நம்ம செலவு.